இறப்பரில் பறந்த விமானம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், குழந்தை மருத்துவரான பழைய மாணவி ஒருவர் தம் வகுப்புத் தோழிகள் சார்பில் ஆற்றிய உரை)



மருத்துவர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ டெங்கு பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். சங்கச் செயலாளரும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார். தலைப்பைக் கேட்டு எழுதிய மடலுக்கு, இறப்பரால் பறக்கும் சிறிய விமானங்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று பதில் போட்டோம். இரண்டு நாள் மறுமொழி வரவில்லை. மூன்றாம் நாள், "சரி, ஆனால் நேரத்துக்குள் முடியுங்கோ" என்று வந்தது. முடிக்கப் பார்க்கிறோம்.

இங்கே பேசுவது ஒருவர்தான். ஆனாலும் "நாங்கள்" என்றே பேச விரும்புகிறோம். கடந்த ஒரு வருடமாக எங்கள் வகுப்புத் தோழிகள் நால்வரும் கல்லூரியின் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது. அதற்கு முந்திய கதையும் எங்கள் முழு வகுப்புக்கும் சொந்தமானது.

முதலில் அந்தக் கதை. 1995ஆம் ஆண்டு நாங்கள் ஆண்டு ஒன்பதில் படித்தோம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு விமானங்களைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சத்தமே போதும். ஹெலி ஒரு சத்தம், பொம்மர் ஒரு சத்தம், அவ்ரோ வேறொரு சத்தம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது சத்தம் கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்போம். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தாரென்றால் மைதானத்து ஓரத்திலிருந்த பதுங்கு குழிக்கு ஓட வேண்டும். மழைக்காலத்தில் அதற்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தவளைகளும் இருக்கும். குண்டைவிடத் தவளைக்குப் பயந்தவர்கள் சிலரும் எங்களோடு படித்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று மூன்றாம் வரிசையில் இருந்து சிரிக்கிறார்.

பொருளாதாரத் தடையும் இருந்தது. பற்றரி வராது, பெற்றோல் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அப்படியான காலத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு விமானம் செய்துகொண்டு வந்தாள். தென்னோலை ஈர்க்கில் சட்டம், பட்டத்துக்கு ஒட்டும் ரிசுத்தாளில் செட்டை, தகரத்தில் வெட்டிய சிறு விசிறி. விசிறியின் அச்சிலிருந்து வால் வரைக்கும் மெல்லிதாகக் கீறிய சைக்கிள் ரியூப் இறப்பர். விசிறியை விரலால் சுற்றிச் சுற்றி முறுக்கேற்றி, வகுப்பறை விறாந்தையில் விட்டாள். அது ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைக்கும் போய் விழுந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்று செக்கன் இருக்கும்.

நாங்கள் என்ன செய்தோம்? கைதட்டினோம் என்று சொல்ல ஆசை. ஆனால் நாங்கள் சிரித்தோம். "உனக்கு வேற வேலை இல்லையே? மேல பறக்கிறது காணாதே?" என்று கேட்டோம். அவள் கோபப்படவில்லை. "அது ஆக்களைப் பாத்துப் பறக்குது. இது சும்மா பறக்கும்" என்று சொன்னாள். அந்தப் பதிலையும் நாங்கள் பகிடியாக்கி ஒரு மாதம் சொல்லித் திரிந்தோம்.

ஒக்ரோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வு வந்தது. அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, மழையில், சனத்துக்குள் அவளை ஒரு தரம் கண்டோம். சைக்கிள் கரியரில் ஒரு பெரிய மூட்டை. கயிறு போதாமல், ஒரு பக்கத்தை அந்த விமானத்து இறப்பரால் கட்டியிருந்தாள். "பிளேன் எங்கயடி?" என்று கேட்டோம். "வீட்டில. இறப்பரை மட்டும் கழட்டிக்கொண்டு வந்திட்டன்" என்றாள். அடுத்த வருடம் நாங்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. உயர்தரம் முடியும் வரைக்கும் அவள் வரவில்லை. அவளைப் பற்றிய செய்தி இன்று வரைக்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் சொன்னது உங்களை அழ வைப்பதற்கு அல்ல. அவள் செய்தது விளையாட்டுச் சாமான் அல்ல என்று எங்களுக்குத் தெரியவர இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

அவள் செய்த அதே வடிவத்தை, அதே இறப்பர் இயந்திரத்தோடு, 1871ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பரிஸ் நகரத்து ருயிலறி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் அறிஞர்கள் முன்னிலையில் பறக்கவிட்டார். அவருக்கு அப்போது 21 வயது. இடுப்பு மூட்டு நோயினால் கடற்படையில் சேர முடியாமற் போனவர். அவருடைய விமானத்தின் செட்டை ஒன்றரை அடி நீளம். நிறை ஒரு சின்ன வெங்காயத்தளவு. அது 11 செக்கன் பறந்து சுமார் 40 மீற்றர் போனது. மனிதன் செய்த, காற்றைவிடப் பாரமான ஒரு பொருள் தன் சமநிலையைத் தானே காத்துக்கொண்டு பறந்ததைப் பலரும் கண்ணால் கண்டது அன்றுதான். அந்த இரகசியம் வாலில் இருந்தது. பின்னால் ஒரு சிறு தளத்தைச் சற்றுக் கீழ்ச்சாய்வாக வைத்தால், மூக்கு எழும்பும்போது வால் அதைத் திருத்தும், மூக்குக் குத்தும்போதும் வால் திருத்தும் என்று அவர் கண்டார். இன்று பலாலியில் இறங்கும் விமானத்தின் வாலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெனோ செய்த இன்னொரு சாமான் இறப்பரால் மேலே எழும்பும் சிறு ஹெலி. அந்த வகைப் பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் இரண்டு பையன்களுக்கும் வாங்கி வந்து கொடுத்தார். தக்கை, மூங்கில், கடதாசி, இறப்பர், அவ்வளவுதான். வில்பருக்கு 11 வயது, ஓர்விலுக்கு 7 வயது. அவர்கள்தான் பின்னாளில் ரைற் சகோதரர்கள். பொம்மை உடைந்ததும் தாங்களே செய்து பார்த்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. ஏன் என்று அந்த வயதில் அவர்களுக்கு விளங்கவில்லை. அந்த விடயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

இனி நாங்கள் வாசித்துத் திகைத்த ஒரு செய்தி. 1907இல் லண்டனில் ஒரு பத்திரிகை மாதிரி விமானப் போட்டி ஒன்றை நடத்தியது. அதில் தன் இறப்பர் விமானத்தைப் பறக்கவிட்டு 75 பவுண் பரிசு பெற்றவர் அலியற் வேர்டன் றோ என்ற இளைஞர். அந்தக் காசைக் கொண்டு உண்மையான விமானம் கட்டத் தொடங்கினார். 1910இல் ஒரு கம்பனி ஆரம்பித்து அதற்குத் தன் பெயரைச் சுருக்கி வைத்தார். அந்தப் பெயர் அவ்ரோ.

ஆம், அதே அவ்ரோதான். எங்கள் தலைக்கு மேலே வந்த சத்தத்தின் வேர் ஒரு முறுக்கிய இறப்பரில் இருந்திருக்கிறது. இதை வாசித்த இரவு எங்கள் நால்வருக்கும் நித்திரை வரவில்லை. எங்கள் தோழியின் விமானமும் அந்த அவ்ரோவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று மூன்று செக்கன் பறந்து தூணடியில் விழுந்தது. மற்றது எங்களைக் குழிக்குள் ஓட வைத்தது. ஒரு பொருளை என்னத்துக்கு வளர்க்கிறோம் என்பது அதைச் செய்யும் கைகளிலும் இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கைகளில் எங்கள் பிள்ளைகளின் கைகளும் ஏன் இருக்கக் கூடாது?

இப்படித்தான் வேலை தொடங்கியது. எதைச் செய்வது என்று தேடியபோது எங்களுக்குக் கிடைத்தவர் லிலியன் பிளாண்ட் என்ற பெண். 1878இல் பிறந்தவர். அயர்லாந்தில் பெல்பாஸ்ற் நகரத்துக்குக் கிட்ட வாழ்ந்தவர். பத்திரிகைகளுக்குப் படம் பிடித்தவர். 1909இல் புளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததும், தானும் ஒரு விமானம் கட்டுவதென்று முடிவெடுத்தார். முதலில் பட்டம் போல ஏற்றக்கூடிய ஒரு சிறு மாதிரியைச் செய்தார். பிறகு முழு அளவில், இயந்திரம் இல்லாத ஒரு மிதவை விமானம். இயந்திரத்தின் பாரத்தை அது தாங்குமோ என்று பார்க்க, மலைச்சாரலில் நான்கு பொலிஸ்காரரைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். அவர்களையும் தூக்கிக்கொண்டு எழும்பியபோது இயந்திரம் வாங்கலாம் என்று துணிந்தார். அந்த இயந்திரத்தை அவர் வாங்கியது வேறு யாரிடமும் அல்ல, றோவிடம்தான்.

பெற்றோல் தாங்கி வந்து சேரப் பிந்தியது. அவர் பொறுக்கவில்லை. ஒரு வெறும் விஸ்கிப் போத்தலையும், காது கேளாத மாமியின் செவிக் குழாயையும் சேர்த்து இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார். துணிக்கு நீர் ஊறாமல் இருக்க ஜெலற்றினும் போமலினும் கலந்து தானே பூசினார். திருப்புவதற்கு ஒரு சைக்கிள் ஹாண்டில். தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதை தெரிந்த எங்களுக்கு இந்தப் பெண்ணை உடனேயே பிடித்துக்கொண்டது. 1910 ஓகஸ்ற் மாதம், ஒரு மாடு மேயும் பெரிய வெளியில், அந்த விமானம் நிலத்தை விட்டுக் கிளம்பியது. அதற்கு அவர் வைத்த பெயர் மேஃப்ளை. ஒரு நாள் வாழும் பூச்சியின் பெயர். பிரித்து வாசித்தால், பறந்தாலும் பறக்கும் என்று பொருள் வரும். பறக்காமலும் விடும் என்பது உள்ளே இருக்கிறது. அதன் பிறகு தகப்பன், பறப்பதை விட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்றார். மகள் காரை வாங்கிக்கொண்டார். அதையும் எங்கள் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னோம். அவர்கள் கேட்ட முதற் கேள்வி, "ஏன் மிஸ் அவ விட்டவ?" என்பதுதான். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மேஃப்ளையின் செட்டை சுமார் 28 அடி. அதைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்து 21 அங்குலத்தில் செய்வதென்று தீர்மானித்தோம். இங்கேதான் ரைற் சகோதரர்கள் சிறு வயதில் முட்டிய அதே சுவரில் நாங்களும் முட்டினோம். நீளத்தைப் பதினாறு மடங்கு குறைத்தால் செட்டையின் பரப்பு 256 மடங்கு குறையும். பாரமோ 4096 மடங்கு குறையும். அதனால் சிறிய விமானம் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் மிகக் குறைந்த பாரத்தையே சுமக்கிறது. மெதுவாகவே பறக்கலாம், ஒரு முறுக்கிய இறப்பரே போதும். திருப்பிப் பெருப்பித்தால் பாரம் செட்டையை முந்திக்கொண்டு ஓடும். இரண்டு மடங்கு பெரிய விமானத்துக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்று ரைற் சகோதரர்கள் பிற்காலத்தில் எழுதினார்கள்.

குழந்தை மருத்துவம் படித்த எங்களுக்கு இது பழகிய பாடம். குழந்தை என்பது சின்ன அளவில் இருக்கும் பெரிய ஆள் அல்ல. அதன் பாரத்தோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே கெதியாகக் குளிர்ந்துவிடும். மருந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். மாதிரி விமானமும் அப்படித்தான். பெரியதைப் பார்த்து அப்படியே சுருக்கினால் பறக்காது. வாலைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும், செட்டை நுனிகளைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். உருவம் மாறாமல், ஆனால் அதன் சொந்த அளவுக்கு ஏற்றபடி நடத்த வேண்டும்.

பொருட்களை எங்கே எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். மாதிரி விமானம் செய்பவர்கள் பால்சா என்ற மிக இலேசான மரத்தைப் பயன்படுத்துவார்கள். அது இங்கே கடையில் இல்லை. நாங்கள் மூங்கிலைச் சீவி, மெழுகுதிரிச் சுவாலையில் காட்டி வளைத்தோம். ஈர்க்கு இருந்தது. மூடுவதற்கு ரிசுத்தாள். விசிறியின் இதழ்களை யோகட் கப்பின் பக்கச் சுவரில் சரிவாக வெட்டினோம். அந்த வளைவு விசிறிக்கென்றே செய்தது போல இருக்கிறது. அச்சு சுழல்வதற்குப் பாவிக்காத ஊசியின் குழாயை வெட்டி வைத்தோம். உரசாமல் இருக்க இடையில் ஒரு பாசிமணி. மருத்துவர் வீட்டுச் சாமானும் பூமாலை கட்டும் வீட்டுச் சாமானும் ஒன்றாகச் சேர்ந்தன.

இறப்பர்தான் சிரமம் தந்தது. எங்கள் தோழியை நினைத்து முதலில் சைக்கிள் ரியூப்பைக் கீறினோம். அது சோம்பலாக இருந்தது. இப்போது வரும் ரியூப்களில் பெரும்பாலானவை செயற்கை இறப்பர். காற்றை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் இழுத்த சக்தியைத் திருப்பித் தருவதில் கஞ்சத்தனம் காட்டும். மரத்துப் பாலில் வந்த இறப்பர் அப்படியல்ல. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த கன்றுகள் கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அந்த மரத்தின் பேரப்பிள்ளைகள் நிற்கும் நாடு இது. நல்ல இயற்கை இறப்பர் பட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆமணக்கெண்ணெய் தடவி, மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்தபடி முறுக்க வேண்டும். ஒரு பிள்ளை விமானத்தைப் பிடிக்க, மற்றப் பிள்ளை கைத்துறப்பணத்தைச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நடந்து வருவாள். இழுக்காமல் முறுக்கினால் பாதி முறுக்குக்கூட ஏறாது. மாலைப் பிரார்த்தனைக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ஏதோ சத்திரசிகிச்சை நடக்கிறது என்று நினைத்தார்கள்.

முதல் விமானம் பறக்கவில்லை. விட்டவுடனே மூக்கைத் தூக்கி, வானத்தில் ஒரு கணம் நின்று, வாலில் விழுந்தது. இரண்டாவது தலைகீழாகப் போய்த் துளசி மாடத்தில் முட்டியது. மூன்றாவதின் இறப்பர் முறுக்கும்போதே அறுந்து சட்டத்தைத் துண்டு துண்டாக்கியது. பன்னிரண்டு பிள்ளைகளில் மூவர் அந்தக் கிழமையோடு வரவில்லை. அதில் ஒருத்தி வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை. தேடிப் போய்க் கேட்டோம். "மிஸ், எனக்கு இதுவரைக்கும் ஒண்டும் பிழைச்சதில்லை. இது மட்டும் பிழைக்குது. எல்லாரும் பாக்கினம்" என்றாள்.

அந்தத் தை மாதம் பிள்ளைகள் எல்லோரையும் வல்வெட்டித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தைப்பொங்கல் நாளில் அங்கே கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எட்டுமூலையும் கொக்கும் பிராந்தும் மட்டுமல்ல, கப்பலும் ரொக்கட்டும் விமானமும், செட்டை அடிக்கும் பறவையும், உருளும் சில்லும் வாடைக்காற்றில் எழும்பும். விண் பூட்டிய பட்டங்களின் கூவல் ஊருக்கே கேட்கும். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் ஓடிப்போய்ச் சேர்ந்த அன்னபூரணியைக் கட்டிய ஊர் அது. மரத்தை வளைக்கத் தெரிந்த கைகள் மூங்கிலை விடுமா? அந்தக் கடற்கரையில் பறப்பது எதுவுமே பாடப் புத்தகத்தைப் பார்த்துச் செய்ததல்ல. எல்லாம் பரிசோதனை விமானங்கள்தான்.

எங்கள் கண் முன்னாலேயே ஒரு பெரிய பட்டம், ஆறு மாத உழைப்பு, எழும்பிய வேகத்தில் மணலில் குத்தி முறிந்தது. ஆயிரக்கணக்கான சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் செய்த வயதான ஐயா ஓடவில்லை, கத்தவில்லை. நடந்து போய் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு முச்சையை அவிழ்த்து முடிச்சுகளை விரலால் அளந்தார். நாங்கள் கிட்டப் போய்க் கவலை சொன்னோம். அவர், "பிள்ளையள், பட்டம் குத்தினாக் காத்தைத் திட்டக் கூடாது. முச்சையைப் பாக்க வேணும். மேல் முடிச்சு அரை விரல் கீழ நிண்டிட்டுது" என்றார். எங்கள் முதலாம் பிள்ளை அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

அடுத்த கிழமை மூவரும் வந்தார்கள். விமானம் விழுந்தால் "ஐயோ" என்று சொல்வது நின்றது. "முச்சையைப் பாப்பம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். மேஃப்ளையின் விசிறி பின்னால் இருப்பதால் பாரம் பின்னுக்கு இருந்தது. மூக்கில் களிமண் வைத்தோம். முதலில் ஒரு கச்சான் கொட்டையளவு, பிறகு இரண்டு. ஒவ்வொரு தரமும் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைக் கொப்பியில் எழுதுவது என்று ஒரு சட்டம் போட்டோம். விடுதிப் பிள்ளைகளின் மருந்து அட்டையைப் போல அந்தக் கொப்பி இருக்கிறது. திகதி, நேரம், களிமண் எவ்வளவு, முறுக்கு எத்தனை, என்ன நடந்தது. நாற்பத்தேழு வரிகளில் "விழுந்தது" என்றே எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக விழுந்திருக்கிறது.

நாற்பத்தெட்டாவது வரி பங்குனி மாதத்து ஒரு காலைப்பொழுது. சோளகம் தொடங்க முந்திய நாட்கள். காற்றே இல்லை. இந்த மண்டபத்துக்கு வெளியே இருக்கும் அதே மைதானம். 300 முறுக்கு. முதலாம் பிள்ளைதான் விட்டாள். விமானம் கொஞ்சம் தாழ்ந்து, தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, இடப் பக்கம் மெல்லத் திரும்பி, பழைய பதுங்கு குழி இருந்த இடத்துக்கு மேலாகப் போய், வேப்பமரத்தடியில் இறங்கியது. எட்டுச் செக்கன். பெனோவின் பதினொரு செக்கனை எட்டவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. விமானம் பறக்கும்போது கேட்டது விசிறியின் மெல்லிய பரபரப்பு மட்டும்தான். அந்த இடத்தில் ஒரு விமானத்தின் சத்தத்தை நின்று கேட்டது எங்களுக்கு அதுதான் முதல் தரம்.

அன்று ஒரு தாயார் மகளைக் கூட்டிப் போக வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு மெதுவாக, "டொக்டர், இதுக்கு ஏதும் சேட்டிபிக்கற் குடுப்பினமோ?" என்று கேட்டார். நாங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் கிடைத்த இரண்டு மணித்தியாலத்தை அவர் எங்களுக்குத் தந்திருந்தார். எங்கள் தலைமுறைக்குப் படிப்பு ஒன்றுதான் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய சொத்தாக இருந்தது. வீடு போனது, காணி போனது, சேட்டிபிக்கற் கோவை மட்டும் பையில் வந்தது. அந்தப் பயம் எங்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது.

ஆனால் அந்தப் பயம் என்ன செய்கிறது என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். பரீட்சை மாதம் வந்தால் வயிற்று வலி என்று பிள்ளைகளைக் கொண்டு வருவார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்வோம். ஒன்றும் இராது. வலி பொய்யல்ல, பிள்ளை நடிக்கவில்லை. பிழைத்துவிடுமோ என்ற எண்ணத்தை வைப்பதற்கு வேறு இடம் இல்லாமல் அதை வயிற்றில் வைத்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளிடம்தான் இதை அடிக்கடி காண்கிறோம். பிழைத்தால் உலகம் முடிந்துவிடாது என்று வாயால் சொல்லி அவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. நாற்பத்தேழு தரம் விழுந்த ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அவர்களுக்கே விளங்கும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் எந்தத் துண்டிலும் அந்த மருந்து இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். நூற்றாண்டு நிதியில் புதிய கணினி அறைக்கும் மண்டபத் திருத்தத்துக்கும் காசு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்லது. அதோடு ஆய்வுகூடத்துக்குப் பக்கத்திலிருக்கும் பழைய களஞ்சிய அறையையும் எங்களுக்குத் தாருங்கள். ஒரு நீண்ட மேசை, இரண்டு கைத்துறப்பணம், நல்ல வெளிச்சம், வெயில் படாமல் இறப்பரை வைக்க ஒரு மூடிய அலுமாரி போதும். அதில் நடப்பதற்குப் புள்ளி போட வேண்டாம், பரிசளிப்பு விழாவில் சேர்க்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார், பெயர்ப்பலகை வைக்கலாமோ என்று கேட்டீர்கள். வேண்டாம். அந்த அறையில் யாருடைய பெயரும் வேண்டாம். வைப்பதென்றால் அந்தக் கொப்பியை வையுங்கள்.

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னை விமானம் வரும் நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்து கை காட்டுகிறார்கள். நாங்கள் இன்னும் அந்தச் சத்தத்துக்கு ஒரு கணம் உள்ளே சுருங்கித்தான் போகிறோம். அது எங்களோடு போகட்டும்.

எங்கள் தோழி இந்த மலரை எங்கேயாவது இருந்து வாசித்தால், அன்று விறாந்தையில் சிரித்தவர்கள் இன்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று அறிந்துகொள்ளட்டும். அவளுடைய மூன்று செக்கனைக் கொப்பியின் முதல் வரியாக எழுதியிருக்கிறோம்.

நேரத்துக்குள் முடித்துவிட்டோம் என்று நம்புகிறோம். பிள்ளைகள் வெளியே முறுக்கேற்றிக்கொண்டு நிற்கிறார்கள். தேநீருக்குப் போகும்போது ஐந்து நிமிடம் மைதானத்துப் பக்கம் வாருங்கள். பறந்தாலும் பறக்கும்.